புரியும் பரியும்

திருச்சி மன்னார்புரத்தில் ஒரு பெயர்ப்பலகையின் முன் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயரின் ஈற்றில் உள்ள 'புரம்', நகரைக் குறிக்கும் வடமொழிச் சொல். 1727-இல் எழுந்த ஜெய்ப்பூரிலும், கடல் கடந்த சிங்கப்பூரிலும் அது 'பூர்' ஆயிற்று. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் 'புரி' ஆயிற்று.

அப்படியானால் இங்கிலாந்தின் கான்டர்பரியில் உள்ள 'பரி'யும் இதுதானா? இல்லை! அது 'கோட்டை' என்னும் பொருளுள்ள பழைய ஆங்கிலச் சொல்லின் திரிபு. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் உள்ள 'பர்க்' அதன் உறவு.

எப்படித் தெரியும்? வடமொழியும் ஆங்கிலமும் ஒரே மூலமொழியின் கிளைகள். வடமொழிப் 'பிதா' ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. 'பாதம்' அங்கே 'ஃபுட்'. இந்த விதிப்படி 'புரம்' ஆங்கிலத்தில் 'ஃப' ஒலியோடு தொடங்கியிருக்க வேண்டும்.

'புர'த்தின் உண்மையான உறவு, நகரைக் குறிக்கும் கிரேக்கப் 'போலிஸ்'. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் இருப்பது அதுவே. ஒலி ஒத்தால் போதாது, நண்பர்களே. விதியும் ஒத்துவர வேண்டும்!