இருப்பவரே இருக்கட்டும்

குடியரசுத் தலைவர் பதவியில் இருப்பவர் மறுபடியும் அந்தப் பதவிக்குப் போட்டியிடலாம் என்கிறது இந்திய அரசியல் சட்டத்தின் 57ஆம் பிரிவு. எத்தனை முறை என்று அது சொல்லவில்லை. 1948இல் வெளியான வரைவில் மறுதேர்வு ஒரே ஒரு முறைதான் என்ற வரம்பு இருந்தது. அரசியல் நிர்ணய சபையில் விவாதித்து முடித்தபோது அது நீங்கிவிட்டது. அப்படித் திறந்து வைத்த வழியில் இதுவரை நடந்தவர் ஒருவர்தான்: 1957இல் டாக்டர் ராஜேந்திர பிரசாத். அவர் தொடர்ந்ததால் ஐந்தாண்டு காத்திருந்தவர், அன்றைய துணைத் தலைவரும் திருத்தணியில் பிறந்தவருமான சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். பத்தாண்டு கழித்து, 1967இல், இருப்பவரே இருக்கட்டும் என்ற அதே பேச்சு ராதாகிருஷ்ணனுக்காக எழுந்தது. எடுபடவில்லை.

பதவியில் இருப்பவரையே தொடரச் சொல்வது மரபைப் பேணுவோரின் வாதம். பழமைவாதம் என்று எழுதினால் தமிழ்க் காதில் பிற்போக்கு என்று விழுந்துவிடும். இந்த வாதத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் ஓட்டுநரை மாற்ற வேண்டுமென்றால் மாற்றச் சொல்பவர்தான் காரணம் காட்ட வேண்டும், தொடரச் சொல்பவர் அல்ல என்பதே இதன் அடிப்படை. தலைமை அமைச்சர் பதவிக்கு இது அவ்வளவாகப் பொருந்தாது. அங்கே கொள்கை மாறலாம், மாற வேண்டியும் இருக்கலாம். குடியரசுத் தலைவர் பதவி வேறு. அங்கே கொள்கை இல்லை. எப்போது பேசுவது, எப்போது எழுதிக் கேட்பது, எப்போது கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்குவது என்கிற பக்குவம்தான் இருக்கிறது. அந்தப் பக்குவம் ஒருவருக்கு உண்டா என்பதை அவர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகே கண்டுகொள்ள முடியும்.

1957இல் இந்த வாதத்துக்குக் கூடுதல் கனம் இருந்தது. அமைச்சரவை ஆலோசனை சொல்லும் என்று மட்டுமே அன்றைய 74ஆம் பிரிவு சொன்னது. அந்த ஆலோசனைப்படிதான் குடியரசுத் தலைவர் நடக்க வேண்டும் என்ற வாசகம் 1976இல், 42ஆம் திருத்தத்தில்தான் ஏறியது. அதுவரை இருபத்தாறு ஆண்டுகள் அந்த விதி எழுத்தில் இல்லை. நாற்காலியில் இருந்தவர்களின் நடத்தையில் இருந்தது.

எழுதாத வழக்கம் எப்படி உறுதிப்படும் என்பதற்குத் திருத்தணி மலையே ஒரு சாட்சி. டிசம்பர் 31 அன்று அங்கே திருப்படித் திருவிழா. மலைக்கு 365 படிகள். ஆண்டின் நாளுக்கு ஒன்று என்பார்கள். பஜனைக் குழுவினர் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாடி முடித்த பிறகே அடுத்த படியில் கால் வைப்பார்கள். கீழிருந்து பார்த்தால் கற்பூரச் சுடர் ஒன்று மெல்ல மேலே நகர்வது தெரியும். ஆங்கிலப் புத்தாண்டு எந்த ஆகமத்திலும் இல்லை. புத்தாண்டு அன்று வெள்ளைக்காரத் துரைமாரைப் பார்த்து வணங்கப் போனவர்களை, துரைக்கெல்லாம் துரையான தணிகை முருகனை முதலில் பாருங்கள் என்று வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் மலைக்குத் திருப்பிவிட்டதில் தொடங்கியது அது. நூறாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. இன்று அதை நிறுத்த யாராலும் முடியாது. முதல் சில ஆண்டுகளில் தவறாமல் படியேறியவர்களே அதை வழக்கமாக்கினார்கள்.

ராஜேந்திர பிரசாத் செய்ததும் அதுதான். இந்து சட்டத் தொகுப்பு மசோதாவை அவர் மனதார ஏற்கவில்லை. புதிதாகத் தேர்ந்தெடுக்கப்படாத ஒரு நாடாளுமன்றம் இவ்வளவு பெரிய சமூக மாற்றத்தைச் செய்யலாகாது என்று கருதினார். தம் சொந்த முடிவின்படி நடக்க விரும்புவதாக 1951இல் நேருவுக்கு எழுதினார். அட்டர்னி ஜெனரல் எம்.சி. சீதல்வாடும் சட்ட மேதை அல்லாடி கிருஷ்ணசுவாமி அய்யரும் குடியரசுத் தலைவர் அமைச்சரவை சொல்கேட்டே நடக்க வேண்டும் என்று கருத்துச் சொன்னார்கள். பிரசாத் ஏற்றுக்கொண்டார். பின்னர் 1955இல் இந்து திருமணச் சட்டமும் 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டமும் வந்தபோது ஒப்புதல் அளித்தவர் அவரே. சோமநாதர் கோயில் விழாவுக்குப் போக வேண்டாம் என்று நேரு கருதியும் 1951 மே மாதம் போனார். அது சடங்கு சார்ந்த காரியம், ஆட்சி சார்ந்தது அல்ல. தமக்குப் பிடிக்காத சட்டத்தில் கையெழுத்திட்ட அந்த ஒரு செயலுக்காகவே அவருக்கு இரண்டாம் தவணை தகும். உடன்பாடு உள்ளவர் கையெழுத்திட்டால் மரபு பிறக்காது. உடன்பாடு இல்லாதவர் இட்டால்தான் பிறக்கும்.

நேருவின் விருப்பம் வேறாக இருந்தது. தலைமை அமைச்சர் வடக்கே இருக்கும்போது குடியரசுத் தலைவர் தெற்கே இருந்து வருவது நல்லது, ராதாகிருஷ்ணன் அதற்குப் பொருத்தமானவர் என்று எண்ணினார். மௌலானா ஆசாத் பிரசாத் பக்கம் நின்றார். காங்கிரசில் பெரும்பான்மையும் அந்தப் பக்கமே இருந்தது. 1957 மே 6ஆம் தேதி நடந்த தேர்தலில் பிரசாதுக்குக் கிடைத்த வாக்கு மதிப்பு 4,59,698. எதிர்த்து நின்ற சௌத்ரி ஹரிராமுக்கு 2,672. நாகேந்திர நாராயண் தாசுக்கு 2,000. போட்டி என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை. உண்மையான போட்டி கட்சிக்குள்ளேயே முடிந்திருந்தது.

ராதாகிருஷ்ணனுக்கு மனம் நொந்தது. துணைத் தலைவர் பதவியை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். வேண்டியவர்கள் எடுத்துச் சொல்லவே தொடர்ந்தார். அந்த ஆண்டும் போட்டியின்றித் தேர்வானார். மரபைப் பேணும் வாதத்துக்கு ஒரு விலை உண்டு, அதை யாராவது ஒருவர் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தெற்கிலிருந்து முதல் குடியரசுத் தலைவர் வருவது ஐந்தாண்டு தள்ளிப்போனது. அன்று தெற்கில் எழுந்துகொண்டிருந்த தனிநாட்டுப் பேச்சுகளை நினைத்தால் அது சின்ன விலை அல்ல.

அவருடைய ஊரே அப்போது எந்த மாநிலத்தில் இருப்பது என்று முடிவாகாமல் கிடந்தது. 1888 செப்டம்பர் 5 அன்று அவர் பிறந்தபோது திருத்தணி வட ஆற்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் உண்டானபோது அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திரம் தனியானபோது சித்தூரோடு அதுவும் போயிற்று. ம.பொ. சிவஞானம் தலைமையில் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியது. எல்லைச் சிக்கலில் படாஸ்கர் தந்த தீர்ப்பைத் தழுவி 1959இல் நாடாளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் இயற்ற, 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆக, பிரசாத் இரண்டாம் முறை தேர்வான நாளில் திருத்தணியின் சட்டமன்ற உறுப்பினர் வாக்களித்தது ஆந்திரக் கணக்கில். மாநிலங்களவைத் தலைவராக ராதாகிருஷ்ணன் அவை நடத்திய காலத்திலேயே அவருடைய சொந்த ஊர் மாநிலம் மாறியது.

பிரசாதின் இரண்டாம் தவணையில் ஒரு சோதனை வந்தது. 1960 நவம்பர் 28 அன்று டெல்லியில் இந்தியச் சட்டக் கழக விழாவில், குடியரசுத் தலைவரின் அதிகாரம் இங்கிலாந்து மன்னருடையதைப் போன்றதுதானா என்று அறிஞர்கள் ஆராய வேண்டும் என்றார். நேருவுக்கு அது உவப்பாக இல்லை. இரண்டாம் முறை வந்தவர் பதவியின் எல்லையை நீட்டப் பார்ப்பார் என்ற அச்சத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் பிரசாத் கேள்வியோடு நின்றார். ஒரு கோப்பையும் நிறுத்தி வைக்கவில்லை. 1962இல் மூன்றாம் முறைக்கும் நிற்கவில்லை. வரைவிலிருந்து நீங்கிய இரண்டு தவணை வரம்பைத் தம் நடத்தையால் மீட்டுக் கொடுத்துவிட்டுப் பாட்னாவுக்குப் போனார். அமெரிக்காவில் ஜார்ஜ் வாஷிங்டன் இதைச் செய்தார். ரூஸ்வெல்ட் நான்கு முறை வென்று அந்த மரபை மீறியதால், 1951இல் அதைச் சட்டத் திருத்தமாகவே எழுத வேண்டி வந்தது. இந்தியாவில் எழுத வேண்டிய தேவையே வரவில்லை.

1962 மே 13 அன்று ராதாகிருஷ்ணன் பதவியேற்றார். அவருடைய ஐந்தாண்டு போல நெருக்கடி அடுக்கடுக்காக வந்த காலம் குறைவு. அந்த அக்டோபரிலேயே சீனப் போர், அதைத் தொடர்ந்து நெருக்கடிநிலை அறிவிப்பு. 1964 மே 27 அன்று நேரு மறைவு. 1965இல் பாகிஸ்தான் போர். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சாஸ்திரி மறைவு. இரண்டு முறையும் குல்சாரிலால் நந்தாவை அன்றைக்கே தலைமை அமைச்சராக அமர்த்தி, கட்சி புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வரை ஆட்சியில் இடைவெளி விழாமல் பார்த்துக்கொண்டார். பதவியில் இருக்கும் தலைமை அமைச்சர் இறந்தால் என்ன செய்வது என்பதற்கு அதுவரை நாட்டில் முன்மாதிரி கிடையாது. அதை உண்டாக்கியவர் அவர்.

1967 பிப்ரவரித் தேர்தலில் காங்கிரஸ் மக்களவையில் 283 இடங்களோடு மெலிந்தது. பல மாநிலங்கள் கைநழுவின. சென்னை மாநிலத்தில் தி.மு.க. 137 இடங்களில் வென்று மார்ச் 6 அன்று அண்ணாதுரை முதல்வரானார். விருதுநகரில் காமராஜரே தோற்றுப்போயிருந்தார். ஆனால் கட்சித் தலைவர் அவர்தான். ராதாகிருஷ்ணனே தொடர வேண்டும் என்பது அவர் நிலை. கட்சிகள் சிதறி, ஆளுநர்களும் சட்டமன்றங்களும் புதுச் சிக்கல்களைச் சந்திக்கப்போகும் நேரத்தில், எல்லாத் தரப்பும் மதிக்கும் ஒருவர் மேலே இருக்கட்டும் என்பதற்கு அதைவிடப் பொருத்தமான காலம் வாய்க்காது. இந்திரா காந்தி துணைத் தலைவர் ஜாகிர் உசேனை விரும்பினார்.

மறுப்பவர்களிடமும் நியாயம் இருந்தது. ராதாகிருஷ்ணனுக்கு வயது 78, கண்பார்வை மங்கியிருந்தது. ஜாகிர் உசேன் கல்வியாளர், பண்பாளர்; நாட்டின் முதல் முஸ்லிம் குடியரசுத் தலைவராக அவர் வருவதில் தனிப் பெருமை இருந்தது. மறுதேர்வுக்கு எதிரான வலுவான வாதம் இன்னொன்று: இரண்டாம் தவணையை விரும்பும் குடியரசுத் தலைவர், அதைத் தரக்கூடிய தலைமை அமைச்சருக்கு வளைந்துபோவார். பொதுவாக இது சரி. ராதாகிருஷ்ணன் விஷயத்தில் இதற்கு விடை ஏற்கனவே கிடைத்திருந்தது. குடியரசு தினத்துக்கு முந்தைய நாள், 1967 ஜனவரி 25 அன்று, வானொலி உரையில் நாட்டின் வளங்கள் படுமோசமாக நிர்வகிக்கப்படுவதையும் எங்கும் பரவிய திறமையின்மையையும் மன்னிக்க முடியாது என்று பேசினார். பொதுத்தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. அவருடைய மறுதேர்வும் ஆளும் கட்சியின் கையில் இருந்தது. வளைகிறவர் அந்த நேரத்தில் அப்படிப் பேசமாட்டார்.

ஏப்ரலில் தாம் போட்டியிடவில்லை என்று அறிவித்துவிட்டார். தலைமை நீதிபதி பதவியைத் துறந்து வந்த கோகா சுப்பாராவை எதிர்க்கட்சிகள் நிறுத்தின; அவருக்கு 3,63,971, ஜாகிர் உசேனுக்கு 4,71,244. அதுவரை அந்தப் பதவிக்கு அவ்வளவு நெருக்கமான போட்டி நடந்ததில்லை. ராதாகிருஷ்ணன் சென்னை மயிலாப்பூரில் எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் இருந்த தம் 'கிரிஜா' இல்லத்துக்குத் திரும்பினார். அந்தச் சாலை இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1975 ஏப்ரல் 17 அன்று காலமானார். ஜாகிர் உசேன் 1969 மே 3 அன்று பதவியிலேயே மறைந்தார். அடுத்தவர் யார் என்ற சண்டையில், வி.வி. கிரியா சஞ்சீவ ரெட்டியா என்று காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது.

தமிழ்நாட்டுக்காரர் ஒருவரை முன்வைத்து இந்த வாதம் இன்னொரு முறையும் எழுந்தது. 2007இல் ஆ.ப.ஜெ. அப்துல் கலாமின் தவணை முடிந்தபோது, ஜெயலலிதா, சந்திரபாபு நாயுடு, முலாயம் சிங் ஆகியோர் அடங்கிய மூன்றாவது அணி அவரை மீண்டும் நிற்கக் கேட்டது. பெரும்பான்மை அந்த அணியிடம் இல்லை. குடியரசுத் தலைவர் மாளிகையை அரசியல் இழுபறியில் சிக்கவைக்க விரும்பாமல் கலாம் விலகினார். 2012இலும் அவர் பெயர் பேசப்பட்டது, அப்போதும் மறுத்தார்.

இப்போதைய கணக்கில் குடியரசுத் தலைவர் தேர்தலில் திருத்தணி சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு 176. எல்லையைத் தாண்டி ஆந்திரத்தில் இருக்கும் நகரி உறுப்பினருடையது 159. பதவியில் இருக்கும் ஒருவரின் பெயர் மறுபடியும் அச்சான வாக்குச்சீட்டு 1957க்குப் பிறகு எந்தச் சட்டமன்றத்துக்கும் வந்ததில்லை.