கள்ளக்கவியும் பாட்டுரிமையும்

பாட்டியல் நூலோர் புலவர்க்கு வகுத்த இழிநிலைகளுள் ‘கள்ளக்கவி’ என்பது ஒன்று. பிறர் பாடிய பாட்டைத் தன் பாட்டெனக் கூறுவோனே கள்ளக்கவி. ஈண்டுக் களவாவது பாட்டை எடுத்துப் பாடுதல் அன்று. பாடியவன் பெயரை மறைத்தலே ஆகும். ஏட்டைப் படியெடுத்தல் பண்டு நற்பணியாகவே போற்றப்பட்டது. திருஞானசம்பந்தர் திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பொறித்து, அப்பதிகத்தை ஓதுவார் எய்தும் பயனையும் உடன் கூறுவர். பெயர் புலவனுக்கு உரியது. பாட்டு அனைவர்க்கும் உரியது என்பதே பழைய மரபு எனலாம். இணையவழி நிகழும் இசைக்களவையும் அதனைத் தடுக்கும் சட்டத்தையும் இம்மரபோடு வைத்து நோக்குதல் இக்கட்டுரையின் கருத்து.

சிவகாசியிற் பிறந்த நாடகக் கலைஞர் விசுவநாததாஸ் (1886–1940), மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களை மேடைதோறும் பாடிப் பரப்பினார். அதனைத் தடுக்க முயன்றது ஆங்கில அரசே. பாட்டின் உரிமையாளர் அல்லர். பாட்டு பலர் வாயில் வழங்குதல் அந்நாளில் இழப்பாகக் கருதப்படவில்லை.

இசைத்தட்டும் திரைப்படமும் இந்நிலையை மாற்றின. பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை வணிகர் கைப்பட்டு, ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரை அடைந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் ‘பில்கணன்’ (1948) படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்தமையால் வழக்கு எழுந்தது. 1949-இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமையைப் பெற்றது. பின்னர்ப் பாடல்கள் பொதுவுடைமையாயின. பாட்டைப் பாடியவர் வேறு, பாட்டுரிமை உடையவர் வேறு ஆகலாம் என்பதை இவ்வழக்கு உணர்த்தும்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் இவ்விரண்டையும் தனித்தனியே காக்கின்றது. பொருளுரிமை ஆசிரியர் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டு நிலவும், விற்கவும் படும். பெயருரிமையோ, பொருளுரிமையை விற்ற பின்னும் ஆசிரியர்க்கே உரியது. படத்திற்கென எழுதிய பாட்டின் உரிமை, மாறான ஒப்பந்தம் இல்லாவிடத்துத் தயாரிப்பாளர்க்கே சேரும் என உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் பாடலாசிரியர்க்கும் இசையமைப்பாளர்க்கும் உரிமத்தொகையில் நீங்காப் பங்கு தந்தது.

இனித் தண்டத்தை நோக்குவோம். அறிந்தே உரிமையை மீறுவோர்க்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. தமிழ்நாடு அரசு 2004-இல் திருட்டு வட்டு வணிகரைக் குண்டர் தடுப்புச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. ஆயின், வட்டு விற்பவனைக் கடைவீதியிற் பிடிக்கலாம். இணையத்திற் பாட்டை ஏற்றியவன் யாரென அறிதலே அரிது. அத்தகைய பெயரறியா எதிரிக்கு ‘அசோக் குமார்’ என்னும் பொதுப்பெயரிட்டுத் தடையாணை பெறுதல் நம் நீதிமன்றங்களில் வழக்கமாயிற்று. ‘3’ என்னும் படத்தின்பொருட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் 2012-இல் தடையாணை வழங்கியபோது, இணையச் சேவை நிறுவனங்கள் களவுப் படி இருந்த பக்கங்களோடு நில்லாது தளங்களையே முழுமையாக அடைத்தன. குறிப்பிட்ட முகவரிகளுக்கே தடை பொருந்தும் என நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் திங்களில் தெளிவுபடுத்தியது. களையைப் பறிக்குங்கால் பயிருக்கும் ஊறு நேர்தல் கூடாதன்றோ?

பாட்டை எடுத்து வழங்குதல் எல்லாம் களவு எனச் சட்டமும் கொள்ளவில்லை. விருதுநகர்ப் பராசக்தி மாரியம்மன் கோயிற் பங்குனிப் பொங்கல் போன்ற சமய நிகழ்ச்சிகளில் பாட்டொலித்தலுக்கு அது விலக்கு அளிக்கின்றது. பழைய மரபின் ஒரு கூறு இங்கு எஞ்சி நிற்கின்றது.

ஆகவே, இணையக் களவால் பாடலாசிரியர் இழப்பன இரண்டு. ஒன்று ஊதியம், மற்றொன்று பெயர். முன்னதை மீட்க வழக்கு உண்டு. பின்னதை நாடுவோர் சிலரே. களவுப் படிகளில் படத்தின் பெயரும் நடிகர் பெயரும் இருக்கும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இராது. முறையாகக் கட்டணம் பெறும் தளங்களிலும் இக்குறை காணப்படுகின்றது. சிவகாசியில் ஒரு தீப்பெட்டியும் செய்தவர் பெயர்ச்சீட்டின்றி வெளிச்செல்வதில்லை; பாட்டு மட்டும் செல்கின்றது. எழுதியவர் யாரெனத் தெரியாத பாட்டுக்கு உரிமத்தொகையும் சென்று சேராது. ஆதலின், இன்னபாட்டு இன்னார் இயற்றியது என ஆண்டும் சான்றும் காட்டித் தொகுக்கும் அடைவு வேண்டும். அது தமிழ்த்துறைகள் ஆற்றத்தக்க பணி. ஏட்டுச்சுவடிக்கு நாம் செய்ததை இசைப்பாட்டுக்கும் செய்தல் கடன்.