சிச்சூ கலை அருங்காட்சியகம்
நவோஷிமா தீவு, ஜப்பான்

வெளியிலிருந்து பார்த்தால் இங்கே கட்டடம் இருப்பதே தெரியாது. சேத்தோ உள்நாட்டுக் கடலை ஒட்டிய இந்தக் குன்றின் வடிவம் கெடக் கூடாதென்று, கட்டடக் கலைஞர் தடாவோ ஆண்டோ அருங்காட்சியகத்தின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில் அமைத்தார். திறக்கப்பட்ட ஆண்டு 2004. பூமிக்குள் இருந்தும் இது இருட்டறை அல்ல. குன்றின் மேற்பரப்பில் சதுரமாகவும் முக்கோணமாகவும் விட்ட திறப்புகள் வெயிலை உள்ளே இறக்குகின்றன.

க்ளோத் மோனே, வால்டர் டி மரியா, ஜேம்ஸ் டரல் ஆகிய மூவரின் படைப்புகள் இங்கு நிரந்தரமாக உள்ளன. டி மரியாவின் கூடத்தில், படிக்கட்டின் நடுவே 2.2 மீட்டர் விட்டமுள்ள கருங்கல் உருண்டை. சுற்றிலும் பொன்முலாம் பூசிய 27 மரச் சிற்பங்கள்.

மோனே அறைக்கு மட்டும் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும். அல்லிக்குளத்தை வரைந்த ஐந்து ஓவியங்களுக்கும் பகல் வெளிச்சம் ஒன்றே விளக்கு. குனிந்து தரையைப் பாருங்கள்: 2 செ.மீ. அளவுள்ள வெள்ளைப் பளிங்குக் கட்டிகள், லட்சக்கணக்கில் பதிக்கப்பட்டவை. கூரைவழி இறங்கும் ஒளியை அவை மென்மையாகப் பரப்புகின்றன. மேகம் சூரியனை மறைத்தால் ஓவியத்தின் நீலம் அடர்கிறது. விலகினால் ஊதாவும் இளஞ்சிவப்பும் மேலெழுகின்றன. வெட்டவெளியில் நின்று, மாறும் ஒளியையே வாழ்நாளெல்லாம் வரைந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான அறை அமைவது அரிது.

நுழைவாயிலுக்கு வரும் வழியில் உள்ள தோட்டத்தில், ஜிவெர்னியில் மோனே வளர்த்த செடிகளின் வகைகளையும் அல்லிகளையும் காணலாம்.