தேர்தலிற் சிறு கொடை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராக விரும்புவோர், முதற்கண் தத்தம் கட்சியின் வேட்பாளராகத் தெரிந்தெடுக்கப்படல் வேண்டும். இதற்குரிய முதனிலைத் தேர்தல் எல்லா மாநிலங்களிலும் ஒரே நாளில் நிகழ்வதன்று. ஆதலின், முன்னர் வாக்களிப்போரின் முடிவு பின்னர் வாக்களிப்போரின் கருத்தைப் பெரிதும் மாற்றுகின்றது. இப்போட்டியிற் பொதுமக்களின் சிறு கொடை எவ்வளவு பயன்படும் என்பதையே நாம் ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

வெர்மாண்ட் மாநிலத்தின் முன்னாள் ஆளுநராகிய ஹவர்ட் டீன், 2004-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு டெமாக்ரடிக் கட்சியின் வேட்பாளராக முயன்றார். முதனிலைத் தேர்தலில் ஒருவர் ஒரு வேட்பாளருக்கு 2,000 டாலருக்கு மேல் ஈதலை அக்காலச் சட்டம் தடுத்தது. எல்லை முழுதும் ஈந்த செல்வரிடம் மீண்டும் கேட்டல் இயலாது. 25 டாலர் ஈந்த எளியவரிடமோ பன்முறை கேட்கலாம். இதனை உணர்ந்த டீனின் துணைவர், இணையத்தின் வாயிலாகச் சிறு கொடைகளைத் திரட்டினர். 2003-ஆம் ஆண்டின் மூன்றாங் காலாண்டில் மட்டும் ஏறக்குறைய 1 கோடியே 48 லட்சம் டாலர் சேர்ந்தது. வெற்றி அவருக்கே என்று பலரும் எண்ணினர்.

அக்காலத்தில் முதன்முதல் முடிவு கூறிய அயோவாவில், அண்டை அயலார் ஓரிடத்திற் கூடித் தம் சார்பை வெளிப்படையாகத் தெரிவித்தனர். 2004 ஜனவரி 19-இல் அங்கு ஜான் கெர்ரி வென்றார். டீன் மூன்றாமிடமே எய்தினார். மக்களின் நோக்கு கெர்ரியின்பால் திரும்ப, பிப்ரவரி 18-இல் டீன் விலகினார்.

சிறு துளி பெரு வெள்ளமாதல் உண்மையே. ஆயினும், நாடெங்கும் பரந்துள்ள கொடையாளர் அயோவாவின் கூட்டங்களில் நிற்றல் இயலாது. அயல் மாநிலங்களிலிருந்து சென்ற தொண்டர்க்கும் அங்கு வாக்கில்லை. 2008-இல் பராக் ஒபாமா சிறு கொடைகளைத் திரட்டியதோடு, அயோவாவின் ஊர்தோறும் உள்ளூராரையே சேர்த்து அங்கு வென்றார். கொடையும் வாக்கும் ஒருங்கு சேர்ந்தாலன்றி வெற்றி கைகூடாது என்பதை நாம் இதனால் அறிகின்றோம்.