செருப்பு கொடுத்தால் கவிதை வரும்!

கவிதை எழுத உட்கார்ந்தால் முதலில் வருவது யார்? நிலா. பின்னாலேயே தென்றல், கண்ணீர், கனவு. நாலு பேரும் கூப்பிடாமலேயே வந்து பாயை விரித்துப் படுத்துக்கொள்வார்கள். நாம் சொல்ல வந்த விஷயம் வாசலில் நிற்கும்.

இவர்களை விரட்ட ஒரு வழி. முதலில் பத்து சொற்களைப் பட்டியல் போடுங்கள். அவை கட்டாயம் வருகிற மாதிரி கவிதை எழுதுங்கள். அமெரிக்க எழுத்தாளர் ரே பிராட்பரி இப்படி வெறும் பெயர்ச்சொற்களை எழுதி வைத்தே கதைகளைப் பிடித்தார். உடனே 'அடேயப்பா, அமெரிக்கா!' என்று வாயைப் பிளக்காதீர்கள். இது நம்ம ஊர்ச் சரக்கு.

15-ம் நூற்றாண்டுக் காளமேகப் புலவரிடம், "முருகனைப் பாடும். 'செருப்பு' என்று தொடங்கி 'விளக்குமாறு' என்று முடியும்" என்று வம்புக்கு இழுத்தார்களாம். மனிதர் அசரவில்லை. செருப்போடு 'க்கு' சேர்த்தார். 'செரு புக்கு', அதாவது போரில் புகுந்து, என்றாகிவிட்டது! விளக்குமாறு, 'விளக்கிச் சொல்லுமாறு' ஆனது.

இன்னொருவர், 1907-ல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர். துருக்கனுக்கு ராமனே துணை என்று பொருள் வரும் ஈற்றடியைக் கொடுத்து அவரை மடக்கப் பார்த்தார்கள் என்பார்கள். பாவலர் முன்னால் 'சத்' என்று ஒட்டினார். துருக்கன், சத்துருக்கன் ஆனான்! தம்பிக்கு அண்ணன் துணை. யார் ஆட்சேபிப்பது?

கவனியுங்கள். இருவருக்குமே சொல்லைக் கொடுத்தது எதிராளி. மல்லிகையும் மயிலும் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டுகளை இன்று யார் ஞாபகம் வைத்திருப்பார்கள்? வேண்டாத சொல்தான் மூளையைப் புது ரூட்டில் ஓட்டுகிறது.

சரி, பட்டியலுக்கு எங்கே போவது? ஆவடியில் மின்சார ரயில் ஏறுங்கள். அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம்... ஒரே போர்டில் முல்லையும் இருக்கிறது, வாயிலும் இருக்கிறது. எஸ்டேட்டில் இறங்கினால் லேத், சங்கு, ஓவர்டைம், பி.எஃப். பி.காம். படித்த எனக்கு இன்னும் வசதி: பற்று, வரவு, வராக்கடன். 'வராக்கடன்' என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே முழு நீளக் காதல் தோல்வி தூங்குகிறது சார்!

ஃபார்முலா இதுதான். வீட்டிலிருந்து மூன்று, ஆபீஸிலிருந்து மூன்று, தெருவிலிருந்து மூன்று. பத்தாவது, உங்களுக்குப் பிடிக்காத ஒரு சொல். அதை நண்பர் கொடுக்கட்டும். முதல் நாளே பத்தும் வேண்டாம், நாலு போதும். ஷிஃப்ட், சைக்கிள், ஸ்பூன், தெருமுனை என்று வைத்துக்கொண்டு நான் எழுதியது:

நைட் ஷிஃப்ட் முடிந்தது.
சைக்கிள் குலுங்கக் குலுங்க
காலி டிபன் பாக்ஸுக்குள்
ஸ்பூன் மணியடிக்கிறது.
தெருமுனையிலேயே
அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

இதில் 'பாசம்' என்ற சொல் இல்லை. தேவைப்படவும் இல்லை. ஸ்பூன் பார்த்துக்கொண்டது.

இது வெறும் விளையாட்டு இல்லை. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் ஆபீஸிலும் ரயிலிலும் போகிறது. அந்த இடத்துச் சொல் ஒன்றுகூட நம் கவிதைக்குள் வரவில்லையென்றால், அந்தப் பாதி ஆயுசுக்கு என்ன சாட்சி? அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்தரில் நாம் போட்ட கையெழுத்து மட்டும்தான்.