உரிமம் யார் கொடுத்தால் என்ன?

மினியாபொலிஸில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் கணக்குப் பார்க்கிறேன். வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஒரு பங்கு கட்டுவார்கள். மீதியை மாநிலம் தரும். வருகைப் பதிவில் ஒரு நேரம் விட்டுப்போனாலும் பில் இழுபடும்.

அந்தப் பணத்தில் கணிசமான பகுதி ஒன்றிய அரசுடையது. அதற்கு வழிசெய்தது 1990-இல் வந்த ஒரு சட்டம். அதில் பழங்குடி அரசுகளுக்கென்று தனிப் பங்கு உண்டு, ஆனால் போதாது. பழங்குடி நிலத்தில் உள்ள பிள்ளைகளும் இந்த மாநிலத்துப் பிள்ளைகள்தானே? மாநில மானியமும் அவர்களுக்குப் போகட்டும் என்றால், உரிமம் குறுக்கே நிற்கும். பழங்குடி நிலத்தில் காப்பகங்களை ஒழுங்குபடுத்துவது அவர்களின் அரசு. மாநில உரிமம் கட்டாயம் என்றால், அங்கே பிள்ளையை விடும் தாய்க்கு மானியம் கிடையாது. ஆனால் மின்னசோட்டா பழங்குடி உரிமத்தையும் ஏற்கிறது. அதனால் ஒயிட் எர்த் என்ற பழங்குடி நிலத்தில் ஓர் ஒஜிப்வே இனத் தாய் மானியத்தோடு ஊருக்குள்ளேயே பிள்ளையை விடலாம்.

“தரத்தை யார் பார்ப்பது?” என்று என்னோடு வேலை செய்பவர்கள் கேட்பார்கள். பழங்குடி அரசுகளுக்கும் ஆய்வாளர் உண்டு; பணியாளர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்கச் சொல்லும் ஒன்றிய விதியும் உண்டு. தவிர, 1879-இல் தொடங்கிய கார்லைல் போன்ற உறைவிடப் பள்ளிகளில் பழங்குடிப் பிள்ளைகளின் முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அந்தக் குடும்பங்களிடம் போய், ‘எங்கள் முத்திரை இருந்தால்தான் காசு’ என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பழங்குடி உரிமத்தை ஏற்பது என் கணக்கில் கூடுதலாக ஒரு படிவம், அவ்வளவுதான்.