பழைய மாதிரிக் காரும் புதிய உறுப்பும்

வானொலி அலையால் இயங்கும் பழைய மாதிரிக் கார்களைத் தேடிச் செப்பனிடுதல் பொழுதுபோக்கே எனினும், ஆராயத்தக்க வினாவொன்றை எழுப்புகின்றது. யப்பானின் ஷிசுவோகா நகரத் தமியா நிறுவனம், 1976 இல், உண்மைக் காரின் 12 இல் ஒரு பங்களவான போர்ஷே 934 ஐயும், 1979 இல், மணற்பரப்பில் ஓடும் சாண்ட் ஸ்கோர்ச்சரையும் விற்பனைக்கு விட்டது. வாங்கியவரே உறுப்புகளைப் பூட்டி அவற்றை அமைத்தனர். காலஞ்செல்ல இறப்பர் ரயர்கள் வெடிப்புற்றன, பிளாஸ்டிக் நொய்ந்தது, உதிரி உறுப்புகள் அரிதாயின. 2010 இல் சாண்ட் ஸ்கோர்ச்சர் மீண்டும் வெளிவந்தது. அதன் உறுப்புகள் பல பழையதற்கும் பொருந்தின. ஆயின், அனைத்தையும் மாற்றியபின் எஞ்சுவது பழைய காராகுமா? ஆதலின், தேர்ந்தோர் ஓட்டத்திற்கு இன்றியமையாதவற்றை மட்டும் மாற்றிக் கழற்றியவற்றையும் பேணி வைப்பர். தேய்ந்த பற்சில்லும் அக்காரின் வரலாற்றுச் சான்றே.